மூணு சொல்லும் வரை

காலைத் தரையில் வைப்பதற்கு முன்னால் அபயாம்பிகை சற்று நேரம் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பாள். எட்டு மாதமாக அவளுக்கு இதுதான் காலை வழிபாடு. குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும், பிறகு கட்டைவிரல் பக்கமாகச் சாய வேண்டும், சுண்டுவிரல் பக்கத்து ஓரம் மட்டும் தரைக்குத் தெரியாமல் கடந்துபோய்விட வேண்டும், எல்லோரும் தூங்கும் வீட்டுக்குள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைகிறவனைப் போல. சில நாள் தரை ஏமாறும். இன்றைக்கு ஏமாறவில்லை. எப்படிப்பட்ட வலி என்று டாக்டர் கேட்டபோது, பிழிந்த துணியின் ஓரத்தில் விழவும் செய்யாமல் உலரவும் செய்யாமல் தொங்குமே ஒரு சொட்டு, அது மாதிரி என்று சொல்ல வாயெடுத்தவள், மேசைமேல் காத்திருந்த மற்றவர்களின் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, குத்துகிற மாதிரி என்று மட்டும் சொன்னாள். அதை அவர் எழுதிக்கொண்டார். மணி ஆறே முக்கால். பதினொன்றுக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். சரி என்றால் திங்கட்கிழமை கும்பகோணத்தில் ஆபரேஷன், பாதத்து எலும்புக்குள் ஒரு ஸ்க்ரூ, அப்புறம் ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக் கூடாது. சரி என்றால் நாளைக்கே அம்மாவைக் கொண்டுபோய்ப் பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டும். அங்கே ஒரு படுக்கையை இன்றைக்குப் பதினொன்று வரைதான் பிடித்துவைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்றால் ஒன்றுமில்லை. வேண்டாம் என்றால் நாளைக் காலையும் இதே விளிம்பு, இதே குதிகால், இதே சொட்டு. ஒரு வாய்ச்சொல்தான். ஆனால் அந்தச் சொல்லில் இரண்டு உடம்பு இருக்கிறது, தன்னுடையது மட்டும் என்றால் எப்போதோ சொல்லியிருப்பேன் என்று நினைத்தாள். உடனே, அது உண்மைதானா என்றும் நினைத்தாள்.

சமையலறைக்குப் பதினோரு அடி. எண்ணக் கூடாது என்று இருந்தாலும் பாதம் எண்ணிவிடுகிறது. மார்கழித் தரை சில்லென்று இருந்தது, எங்கோ கோயில் ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டிருந்தது, இடது காலில் நின்று வலது காலை நாரையைப் போல மடக்கிக்கொண்டு அவள் பாலையே பார்த்தபடி நின்றாள். மான்ட்ரியாலில் இருபத்திரண்டு குளிர்காலம் கழிந்தது. முதல் வருஷம், அவள் வேலை பார்த்த மருந்துக்கடையில் உடன் இருந்த ஒருத்தி, பனிக்கட்டியின் மேல் எப்படி நடப்பது என்று கடை வாசலிலேயே நடந்து காட்டினாள்: வாத்து மாதிரி, பாதம் முழுவதும் பதிய, கையைச் சட்டைப்பைக்குள் விடாமல், அவசரமே படாமல். அவசரப்படுகிறவர்கள்தான் விழுவார்கள் என்றாள். ஒவ்வொரு ஜனவரியிலும் மணிக்கட்டு உடைந்தவர்கள், கணுக்கால் உடைந்தவர்கள், இடுப்பு உடைந்த கிழவர்கள் என்று வரிசையாக வருவார்கள், அபயம் அவர்களுக்கு வலி மாத்திரையும் ஊன்றுகோலும் எடுத்துக் கொடுப்பாள், மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும், நான் விழவில்லை. கல்யாணம் விழுந்தது, வேலை இரண்டு தரம் விழுந்தது, அவள் விழவில்லை. கண்ணாடி மாதிரி உறைந்த தெருக்களில் இருபத்திரண்டு வருஷம் உடையாத எலும்பு மயிலாடுதுறையில், சொந்த வீட்டுக்குள், சித்திரை மாதத்து மத்தியானத்தில். வேண்டாம். பால். பால் விளிம்புவரைக்கும் வந்துவிட்டது, அடுப்பைத் தணித்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள், தம்பியிடம் சொன்னாள், வேலைக்கு வரும் செண்பகத்திடம் சொன்னாள். ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. ஐம்பதை நெருங்குகிற ஒருத்தி பாத்ரூமில் வழுக்கி விழுவது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை, அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

அந்த எக்ஸ்ரேயில் ஒரு கோடு தெரிகிறது, தலைமுடி விழுந்து ஒட்டிக்கொண்ட மாதிரி. முதல் தடவை அவள் அதைத் தட்டிவிடக்கூடப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. சின்ன வயசுக்காரர், பெயர் இளம்பரிதி, பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். இந்த இடத்துக்கு ரத்தம் கம்மியாகத்தான் வரும், சும்மா விட்டாலே ஒட்டுவதற்கு முரண்டு பிடிக்கும், நீங்கள் அதைச் சும்மாவும் விடவில்லை என்றார். கட்டுப்போட்டு ஆறு வாரம் ஊன்றாதீர்கள் என்று அவர் சொன்னபோது அவள் தலையாட்டிவிட்டு வந்து அன்றைக்கே ஊன்றினாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அம்மாவைத் தூக்குகிறீர்கள் என்று கேட்டார். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை, மறுபடி நாற்காலி, மறுபடி கட்டில், அவள் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துப் பன்னிரண்டு என்றாள். அவர் பேனா மூடியை மூடிவிட்டார். "எலும்பு ஒட்டறதுக்கு நீங்க ஒரு நாள்கூட விடலையேம்மா," என்றார். அப்போது அவளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியதே, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. பன்னிரண்டு என்று சொல்லும்போது குரல் நிமிர்ந்துகொண்டது. இவ்வளவு வலியோடு இவ்வளவு செய்கிறேன் பாருங்கள் என்று யாரிடமோ காட்டிக்கொள்கிற குரல். யாரிடம்? அந்தச் சின்னப் பையனிடமா? இல்லை, இருபத்திரண்டு வருஷம் அம்மாவை விட்டுப் போயிருந்த கணக்கை இப்போது தீர்த்துக் காட்டுகிறேனா? இனிமேல் தானாக ஒட்டாது, ஸ்க்ரூ போட்டால் பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாகிவிடும், போடாவிட்டால் இப்படியே இருக்கும், அல்லது ஒரு நாள் முழுசாக விட்டுப்போகும், அன்றைக்கு நீங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வேண்டுமென்றுதான் சொன்னார். அது உடனே பிடித்துக்கொண்டது. ராத்திரி புரளும்போதெல்லாம் அது கூடவே புரண்டது.

காப்பியை ஆற்றிக்கொண்டு உள்ளே போனபோது அம்மா விழித்துத்தான் இருந்தாள். தையல்நாயகி, எழுபத்து நாலு வயது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் கூடவே போய்விட்டது. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும், யாராவது புதிதாக வந்தால் பதிலுக்குச் சிரித்துவிட்டு அப்புறம் வெட்கப்படுவார்கள். இந்த அம்மாதான் அப்பா போன பதினேழாம் நாள் அரிசி மண்டியைத் திறந்து, ஆண்கள் நின்று வேடிக்கை பார்க்க, மரக்காலைக் கையில் எடுத்தவள். அபயம் அப்போது ஏழாம் வகுப்பு. மரக்காலை நெல்லுக்குள் அமுக்கித் தூக்கி, மேலே குவிந்ததை உள்ளங்கையால் ஒரே வழியாக வழித்துவிட்டு, சாக்கில் கவிழ்க்கும்போது அம்மா குரல் எடுத்து எண்ணுவாள்: லாபம், ரெண்டு, மூணு, நாலு. மண்டியில் ஒன்று என்று யாரும் தொடங்கமாட்டார்கள், முதல் அளவைக்கு லாபம் என்றுதான் பெயர். அப்பா காலத்திலேயே மண்டியில் கேட்டுப் பழகிய அபயம் கான்வென்ட்டில் முதல் வகுப்பில் அப்படியே எண்ணித்தான் முதன்முதலாக எல்லோரும் சிரிக்கக் கேட்டாள். அதற்கப்புறம் மண்டிக்கு ஒரு எண், பள்ளிக்கு ஒரு எண் என்று வைத்துக்கொண்டாள். ரொம்ப காலம் கழித்து, வேறொரு பாஷை பேசுகிற ஊரில் மாத்திரை எண்ணும்போதுகூட, வாய் அந்த ஊர்ப் பாஷையில் தொடங்கும், உள்ளே ஏதோ ஒன்று லாபம் என்று முந்திக்கொள்ளும்.

அம்மா விழுந்த செய்தி கேட்டு மூன்று வாரம் விடுப்பில் வந்தவள் பிறகு திரும்பிப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவை எழுப்பி உட்காரவைக்க வந்தவர் ஒன், டூ, த்ரீ என்பார், அம்மா நனைந்த மூட்டை மாதிரி கிடப்பாள். நாற்பது நாள் அப்படி. ஒரு நாள் அவர் வரவில்லை, அபயம்தான் அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல், அழுகையை அடக்குகிற குரலில் லாபம் என்றாள். அம்மாவின் வாய் கோணி, தொண்டையில் என்னவோ புரண்டு, ரெண்டு என்றது. மூணு என்றது. மூணில் அம்மாவின் இடது கால் தரையை உந்தியது. பேச்சு போனாலும் மனப்பாடமான வரிசை சில பேருக்குத் தங்கிவிடும், ஸ்லோகம், கிழமைகள், எண்கள் என்று அங்கிருந்த பேச்சுப் பயிற்சிக்காரம்மா விளக்கினாள். அபயத்துக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்குள்ளே போகிற கதவின் சாவி தன் கையில் இருக்கிறது, அது போதும். அந்தச் சாவியை இரண்டு வருஷமாக இடுப்பில் முடிந்துவைத்திருக்கிறாள் என்பது அவளுக்கும் கட்டிலுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தம்பி மயூரநாதன் பூனாவிலிருந்து இரண்டு தடவை ஏற்பாடு செய்து ஆள் அனுப்பினான். முதலில் வந்தவள் நல்ல பெண், பதமாகத்தான் தூக்கினாள், அம்மா விறைத்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா எந்திரிக்கிறாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். பழக்கம்தான் என்றாள் அபயம். அன்றைக்கு முழுவதும் அம்மாவின் காதோடு வாயை வைத்து, கிசுகிசுவென்று, அந்தப் பெண்ணுக்குக் கேட்காமல்தான் எண்ணினாள். நாலாம் நாள் அவள் போய்விட்டாள். இரண்டாவது வந்தவள் ஒரு வாரம். சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே. ஏன் சொல்லவில்லை என்ற இடத்துக்கு வந்ததும் மனசு ஒவ்வொரு தடவையும் ஏதாவது வேலையைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விடும், இப்போதும் போயிற்று, காப்பி ஆறிவிட்டதா என்று.

காப்பியைக் கரண்டியால் புகட்டினாள். இடது கடைவாய் வழியாக ஊற்ற வேண்டும், விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில்தான் ஆறு வாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆறு வாரம் படுத்திருப்பாள். காலின் கீழே இரண்டு தலையணை. யாரும் கூப்பிடமாட்டார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கண்ணை மூடினால் விடியும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள், அந்தத் தூக்கத்தை அவள் இப்போதே நாக்கில் ருசிக்க முடிந்தது, அதுதான் பயமாக இருந்தது. ஆபரேஷன் காலுக்காகவா, இதற்காகவா? கால் ஒரு சாக்காக இருந்தால்? இந்த எலும்பு ஒட்டாமல் இருந்ததே, எங்கோ ஒரு மூலையில் தனக்கு இப்படி ஒரு சாக்கு வேண்டியிருந்ததால்தான் என்றால்? அதே சமயம் இல்லத்தின் படுக்கையும் தெரிந்தது, போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், சுத்தமாகத்தான் இருந்தது, பச்சைத் திரை, பினாயில் வாசனை, வரிசையில் மூன்றாவது. அங்கே அம்மா விறைத்துக்கொள்வாள். இரண்டு பேர் சேர்ந்து இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று பிடித்து மூட்டையைப் புரட்டுகிற மாதிரி புரட்டுவார்கள், அம்மா எழவில்லை என்று எழுதிவைப்பார்கள், பத்து நாளில் முதுகில் புண் வரும், பதினைந்தாம் நாள் சாப்பிடமாட்டாள், இவள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது ஃபோன் வரும், ஓடக்கூட முடியாது. நேற்று சாயந்திரம் தம்பி பேசும்போது இதைத்தான் சொன்னாள், முழுசாக இல்லை, பாதி. ஆறு வாரம்தானே அக்கா, அதுக்குள்ள அம்மா என்ன ஓடியா போயிடப் போறா என்றான் அவன். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் அவன் மெதுவாகச் சொன்னான்: "நீ இல்லாட்டி அம்மா இருக்கமாட்டான்னு நீயா நினைச்சுக்காதேக்கா." அவள் கோபமாக வைத்துவிட்டாள். எங்கிருந்தோ பேசுகிறவனுக்கு என்ன தெரியும் என்று. இருபத்திரண்டு வருஷம் எங்கிருந்தோ பேசியவள்.

"அம்மா, நான் ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டாள். அம்மா அவளைப் பார்த்தாள். ரெண்டு, என்றாள். "ஆறு வாரம் அங்க போய் இருப்பியா?" மூணு, என்றாள் அம்மா. பிறகு இடது உள்ளங்கையால் போர்வையை ஒரே வழியாக வழித்துவிட்டாள், மரக்காலின் தலையை வழிக்கிற அதே கை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அப்படிச் செய்வாள், அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள்.

துண்டை எடுக்கக் குனிந்தபோது கட்டிலின் கால் கண்ணில் பட்டது. குழாய் இரும்பு, நீலப் பெயிண்ட், கீழிருந்து ஒரு முழ உயரத்தில் நகம் அளவுக்குப் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது. அது பாதம் பட்டு உதிர்ந்ததா முன்பே உதிர்ந்ததா என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் தினமும் பார்க்கிறாள். அன்றைக்கு, அந்தச் சித்திரை மத்தியானத்தில், கரண்ட் இல்லை. முந்தின ராத்திரி தூக்கமே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாவது தடவையாக அம்மா கையைத் தட்டிக் கூப்பிட்டாள், அபயம் வந்து அந்தக் கையைக் கழுத்தில் போட்டு, லாபம் என்றாள், அதே மூச்சில் இழுத்துவிட்டாள். ரெண்டுக்குக் காத்திருக்கவில்லை. மூணுக்குக் காத்திருக்கவில்லை. அவசரப்படுகிறவர்கள்தான் விழுவார்கள், ஆனால் விழுந்தது அம்மா. விழக்கூட இல்லை, சரிந்து, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்த இடத்தில் ஈரம் பரவியது. அபயம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெறும் காலால் கட்டில் காலை உதைத்தாள். பிறகு இன்னொரு தடவை உதைத்தாள். முதல் உதை கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் வரும். இரண்டாவதில்தான் எலும்பு போயிற்று, முறிந்த சத்தம் கேட்டது, அந்த இரண்டாவதற்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் எட்டு மாதமாகத் தெரியவில்லை. கட்டில் காலுக்கும் அம்மாவின் தொடைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஒரு சாண். அம்மா இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆட்களை அதட்டிய கை, மூட்டைக்காரர்களை நிறுத்திவைத்த கை, அடிக்குப் பயந்து மடங்கி முகத்துக்கு முன்னால் வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் இறங்கியது. அப்புறம், பக்கவாதம் வந்த பிறகு முதல் தடவையாக, அம்மா தானாகவே, லாபம், என்றாள். ரெண்டு, என்றாள். அபயம் குனிந்து, மூணில், உடைந்த காலை ஊன்றி அவளைத் தூக்கினாள். இதில்தான் அவள் மனசு வந்து வந்து மாட்டிக்கொள்கிறது, முள்ளில் மாட்டிய புடவை மாதிரி, இழுத்தால் கிழிகிறது. அந்த லாபம் மன்னிப்பா? இல்லை, இந்தப் பெண் அடுத்து என்னை உதைப்பாளோ என்ற பயத்தில் சமாதானத்துக்குச் சொன்னதா? கேட்க முடியாது. கேட்டால் ரெண்டு என்பாள்.

ஒன்பதேகாலுக்குச் செண்பகம் வந்தாள். மூன்று வீட்டு வேலை, இந்த வீடு இரண்டாவது, இடுப்பில் அவளே ஒரு பெல்ட் கட்டிக்கொண்டிருக்கிறாள், கனம் தூக்கக் கூடாதென்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். வாசலிலேயே அபயத்தின் நடையைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுல மொத்தம் நாலு காலு, அதுல ஒழுங்கா இருக்கிறது ரெண்டு, அந்த ரெண்டும் எடது காலு, சோடி சேராது என்றாள். பெரியம்மா சிரிக்கிறாங்க பாருங்க என்றாள். அம்மாவின் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று அபயம் சொல்லவில்லை. குளிப்பாட்ட வேண்டும், நாற்காலிக்கு மாற்ற வேண்டும், மணி ஓடிக்கொண்டிருந்தது. செண்பகம் கூட்டிக்கொண்டிருக்கும்போது அபயம் அம்மாவைக் கட்டில் விளிம்புக்கு இழுத்து, கையைக் கழுத்தில் போட்டு, வழக்கம்போலக் காதோடு, லாபம் என்றாள். ரெண்டு. மூணு. அம்மா உந்தினாள். முழு கனமும் அபயத்தின் மேல் வந்தது, வலது பாதத்தின் ஓரத்துக்குப் போயிற்று, அந்தச் சொட்டு, எட்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, விழுந்தது. கண் முன்னால் வெள்ளையாக ஒன்று விரிந்தது. கால் இருக்கிற இடத்தில் கால் இல்லை. முழங்கால் மடிந்தது, இரண்டு பேரும் ஒரு பக்கமாகச் சாய்கிறார்கள் என்று தெரிந்தது, அன்றைக்கு நீங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் இருக்க வேண்டும், எப்படியோ திரும்பி அம்மாவைக் கட்டில் பக்கமே தள்ளிவிட்டுத் தான் மட்டும் தரையில் உட்கார்ந்தாள். அம்மா விளிம்பில் பாதி உட்கார்ந்து, நழுவிக்கொண்டிருந்தாள். துடைப்பம் விழுகிற சத்தம் கேட்டது. செண்பகம் வந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "லாபம்," என்றாள், உரக்க, கடைத்தெருக் குரலில். ரெண்டு, மூணு, என்றாள் அம்மா. எழுந்தாள். அவ்வளவுதான். எழுந்து, ஒரு அரைவட்டம் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தரையில் உட்கார்ந்தபடி அபயம் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள், குரல் அவளுடையது மாதிரி இல்லை. செண்பகம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "தெனம் கேக்கறேனேக்கா. நீங்க காதுக்குள்ள சொன்னாலும் பெரியம்மா ஊருக்கே கேக்கறாப்பல சொல்றாங்களே," என்றாள். அது மட்டுமல்ல, தன் அம்மாவும் இதே மண்டியில்தான் புடைத்தாள், பெரியம்மா லாபம் சொன்னால் முறத்தைக் கீழே வைத்துவிடுவார்களாம், அளவு முடிகிறவரைக்கும் யாரும் பேசக் கூடாதாம் என்று சொல்லிக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அபயத்தின் கால் வலித்தது, ஆனால் அது இப்போது எங்கோ தெருவில் வலித்தது. நெஞ்சில் வேறு ஒன்று. யார் சொன்னாலும் எழுந்திருப்பாள். யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நல்ல பெண்ணாக வந்தாளே அவள் சொல்லியிருக்கலாம், இரண்டாவது வந்தவள் சொல்லியிருக்கலாம், எட்டு மாதம் கால் தரையில் படாமல் இருந்திருக்கலாம், எலும்பு ஒட்டியிருக்கும். சாவி என்று எதை முடிந்துவைத்திருந்தாளோ அது ஊரில் எல்லோர் வீட்டிலும் தொங்குகிற சாவி. இவ்வளவு காலம் அம்மா தனக்காக எழுந்திருக்கிறாள் என்று நினைத்தது, சரி, அப்படித்தான் நினைத்தோம், அதை ஒத்துக்கொள்வதற்கு இத்தனை எலும்பு வேண்டியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. தாங்க முடியாத நிம்மதி மாதிரியும் இருந்தது, யாரோ செத்துப்போனது மாதிரியும் இருந்தது, செத்தது யார் என்று அவள் தேடிப் பார்த்தாள்.

பத்தரைக்கே ஃபோன் வந்தது. அவள் இன்னும் தரையில்தான் இருந்தாள், கட்டில் காலில் முதுகைச் சாய்த்து, வலது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு. எதிரே நாற்காலியில் அம்மா. ஆஸ்பத்திரிப் பெண் இனிமையாகப் பேசினாள், திங்கட்கிழமை போட்டுடலாங்களா மேடம் என்று கேட்டாள். போட்டுடுங்க என்றாள் அபயம். இத்தனை நாள் பயந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தானா என்று இருந்தது. பெண் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டே போனாள், வயசு, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. எப்படி அடிபட்டுச்சு, பாத்ரூம்ல வழுக்கின்னு இருக்கு, அப்படியே விட்டுடறேங்க என்றாள். அப்படியே விட்டிருக்கலாம். அபயம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"இல்லைங்க. கட்டிலை உதைச்சேன்," என்றாள்.

தெரியாமல் இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தெரிஞ்சுதான் உதைச்சேன். எங்கம்மா கீழே விழுந்து கிடந்தாங்க. கோவத்துல உதைச்சேன்."

சரிங்க மேடம், கட்டில்ல இடிச்சதுன்னு போட்டுக்கறேன் என்றாள் பெண், கொஞ்சம் அவசரமாக, திங்கட்கிழமை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிடுங்கள் என்றாள். ஃபோனை வைத்தபிறகும் அபயம் அம்மாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழுந்து முகத்துக்கு முன்னால் போகுமா என்று. போகவில்லை. நாற்காலியின் கைப்பிடிமேலேயே இருந்தது, நரம்பு புடைத்து. பிறகு மடிமேல் இறங்கி, புடவையை ஒரே வழியாக வழித்துவிட்டது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை செய்வதுதான். அர்த்தம் ஒன்றும் இல்லை. அபயம் அதற்கு அர்த்தம் கேட்கவும் இல்லை.

பிறகு இல்லத்துக்கும் ஃபோன் செய்து அந்தப் படுக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டு, செண்பகம் கைகொடுக்க எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய், அம்மாவின் துணிகளைப் பைக்குள் எடுத்து வைத்தாள். நைட்டி ஐந்து, பருத்திப் புடவை இரண்டு, மருந்து டப்பா, காப்பிக் கரண்டி. பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் தமிழில் எழுதி, இரவு நேரத்தில் எந்த ஊர்ப் பெண் வேலைக்கு இருப்பாளோ என்று அதன் கீழே இங்கிலீஷிலும் எழுதலாம் என்று ஆரம்பித்தாள், லாபம் என்ற சொல்லை இங்கிலீஷில் என்னவென்று எழுதுவது என்று தெரியாமல், அந்தச் சத்தத்தை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாக எழுதி, இரண்டு தடவை அடிக்கோடிட்டாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பையின் வெளிப்பக்கத்தில் அந்தத் தாளை ஊசியால் குத்தினாள். செண்பகம் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள், அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவர் பெயர் தையல்நாயகி. தூக்கும்போது ஒன்று என்று சொல்ல வேண்டாம். லாபம் என்று நீங்கள் சொல்லுங்கள். ரெண்டு, மூணு அவர் சொல்வார். அவர் மூணு சொல்லும் வரை தூக்காதீர்கள்.